சேவையர் தியாகராசாவின் ஏழாம் மாதம்

டொக்டர் தில்லைநாதனின் எழுத்தை வாசிக்கக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர் என்று கொழும்பு வெள்ளவத்தையில் சொல்வார்கள். ஒருவர் மரியகொறற்றி. மற்றவர் டொக்டர்தான் என்று வெளியாட்கள் நினைத்துக்கொண்டார்கள். அது பிழை. காலையில் எழுதியதைப் பின்னேரம் காட்டினால் அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கொறற்றி, நான் இதில என்ன எழுதியிருக்கிறன்?" என்றுதான் கேட்பார்.

மரியகொறற்றிக்கு ஐம்பத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் தங்கையின் குடும்பத்தோடு இருந்தாள். பத்தொன்பது வருடங்களாக இரண்டு பஸ் மாறி, கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் இருந்த டொக்டரின் டிஸ்பென்சரிக்கு வந்துபோனாள். நோயாளிகளின் பெயரைப் பதிவது, அட்டையை எடுத்துக் கொடுப்பது, பிறகு அடுக்கி வைப்பது அவளுடைய வேலை. டொக்டர் கொம்பியூட்டர் வாங்கியதிலிருந்து இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. அவர் அட்டையில் எழுதியதையெல்லாம் அவள் வாசித்து, இரண்டு விரலால் தட்டி, கொம்பியூட்டரில் ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது நோயாளிகள் வந்தார்கள். அவளால் முப்பது அட்டைதான் ஏற்ற முடிந்தது. மிச்சம் மேசையில் ஏறிக்கொண்டே போய், 2007ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவளுடைய தாடை உயரத்துக்கு வந்துவிட்டது.

அந்த வருடம் டொக்டர் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த கூட்டத்துக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு புரோகிராமையும் அங்கே காட்டினார்களாம். திரும்பி வந்தவர் அட்டைக் குவியலைத் தட்டிக் காட்டினார். "கொறற்றி, இனி நீர் ரைப் பண்ணத் தேவையில்லை. எல்லாம் தானா ஏறும்."

அடுத்த கிழமை புவாத் வந்தான். தெமட்டகொடைப் பெடியன், முப்பது வயதிருக்கும். கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். அந்தப் புரோகிராமை எழுதியவனே அவன்தான். ஸ்கேனரை மேசையில் வைத்து, வெறும் கட்டங்களாக அச்சடித்த படிவம் ஒன்றை அவளிடம் நீட்டினான்.

"மிஸ், இந்தக் கட்டத்துக்குள்ள பேரையும் விலாசத்தையும் ஒவ்வொரு எழுத்தா எழுதுங்க. டொக்டர் வருத்தத்துக்கும் மருந்துக்கும் நேர டிக் போடுவார். ஸ்கேனர்ல வெச்சாச் சரி. மிச்சத்த அது பாத்துக்கும்."

"பேரை நான் பிழையா எழுதினால்?"

"அதுக்கும் வழி செஞ்சி ஈக்கி. நம்மட ஆக்கள் ஒரே பேர இண்டைக்கு ஒரு மாதிரி எழுதுவாங்க, நாளைக்கு வேற மாதிரி எழுதுவாங்க. பேர்ல ரெண்டு மூணு எழுத்து மாறினாலும் விலாசம் ஒண்டா இருந்தா அதே ஆள்தான் எண்டு புடிச்சிடும்."

"டொக்டர் டிக் போட மறந்தால்?"

"போன முறை இருந்தத எடுத்துப் போட்டுடும். நல்ல அறிவுள்ள புரோகிராம் மிஸ்."

டொக்டர் அதைக் கேட்டு, தன் மகனைப் பற்றி யாரோ நல்லதாகச் சொன்னதுபோல் தலையை ஆட்டினார். ஸ்கேன் செய்த படிவங்களைச் சேர்த்து வைக்கக்கூடாது, அன்றன்றைக்கே கிழித்துப் போட வேண்டும் என்று உத்தரவும் போட்டார். கடதாசியே இல்லாத டிஸ்பென்சரி என்று அவர் ஹோட்டலில் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

மூன்று கிழமை எல்லாம் சுகமாக நடந்தது. மரியகொறற்றிக்குத்தான் சுகமில்லை. படிவத்தை வைப்பாள், ஸ்கேனரில் ஒரு வெளிச்சம் போகும், திரையில் பெயரும் வருத்தமும் மருந்தும் தானாக வந்து நிற்கும், பிரிண்டரிலிருந்து மருந்துத் துண்டு வெளியே வரும். அதை வாங்கி, மருந்து கட்டிக் கொடுக்கும் நாகமணியிடம் நீட்டுவாள். அவ்வளவுதான். வாசிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் ஸ்கேனரை மூன்று தடவை தூசு தட்டினாள். "அடுத்த மாதம் தொட்டு நான் வீட்டோடதான்" என்று தங்கையிடம் சொன்னாள். தங்கை, "அப்ப பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தால கூட்டிவர ஒரு ஆள் கிடைச்சுது" என்றாள். மரியகொறற்றி அன்றிரவு அவளோடு கதைக்கவில்லை.

டிஸ்பென்சரிக்கு நேரெதிரே ஒரு லொட்ஜ் இருந்தது. மூன்று மாடி, இருபத்திரண்டு அறை, அறுபது பேர். எல்லோரும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து விசாவுக்கோ பாஸ்போட்டுக்கோ ஒப்பரேஷனுக்கோ காத்திருப்பவர்கள். அவர்களுக்கு மருந்தைவிட டொக்டரின் கடிதம் முக்கியம். பொலிஸோ ஆமியோ தெருவில் மறித்து, "ஏன் கொழும்பில நிக்கிறாய்?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டும். முன்பெல்லாம் அந்தக் கடிதங்களை மரியகொறற்றி தட்டுவாள், டொக்டர் ஒப்பமிடுவார். இப்போது அதற்கும் ஒரு பொத்தான் வந்துவிட்டது. அமத்தினால் கடிதம் வரும். டொக்டர் வாசிக்காமலே ஒப்பமிட்டார். அவள் மடித்து உறையிலிட்டு ஒட்டினாள்.

லொட்ஜின் பதினாலாம் அறையில் சேவையர் தியாகராசா இருந்தார். அறுபத்தெட்டு வயது, சீனி வருத்தம், நோர்வேயில் மகள். நாற்பது வருடம் அரசாங்கத்துக்குக் காணி அளந்தவர். மரியகொறற்றி அவருடைய கடித உறையைக் கொடுத்தபோது, மேலே 'சம்பந்தப்பட்டவர்களுக்கு' என்று இருந்ததை வாசித்தார். பிறருக்கு எழுதிய கடிதத்தைத் திறப்பது அவர் பழக்கமல்ல. ஒட்டியபடியே சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு டிஸ்பென்சரி ரெலிபோன் அடித்தது. டொக்டர் வெளியே ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். மரியகொறற்றி எடுத்தாள். காலி நகரத்துக்குப் போகும் காலி வீதியிலிருந்த ஒரு சோதனைச் சாவடியிலிருந்து பொலிஸ் சார்ஜன் ஒருவர் சிங்களத்தில் பேசினார்.

"தியாகராசா என்று உங்களுக்கு ஒரு நோயாளி இருக்கிறாரா?"

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பெயரைத் தட்டினாள். திரை நிறைய விபரம் வந்தது. "இருக்கு மாத்தயா."

"கர்ப்பமா?"

மூன்று கிழமையாக இப்படித்தான் யார் என்ன கேட்டாலும் திரையைப் பார்த்துச் சொல்லிப் பழகியிருந்தாள். "ஓம் மாத்தயா. ஏழு மாதம்."

"வயது?"

"அறுபத்தெட்டு."

சொன்ன பிறகுதான் அவளுடைய காதில் அது விழுந்தது. சார்ஜன் மிக மெதுவாகச் சொன்னார். "நோனா, நீங்கள் உடனே இங்கே வர வேண்டும்."

மரியகொறற்றி பழைய அலுமாரியைத் திறந்து, புரோகிராம் வருவதற்கு முந்திய சேவையரின் அட்டையை இழுத்தெடுத்துக்கொண்டு, ஒரு ஓட்டோவில் ஏறினாள்.

சாவடியில் பஸ் ஒன்றை மறித்து ஆட்களை இறக்கியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ட்ரக்கில் ஏற்கனவே மூன்று பேர் ஏற்றப்பட்டுத் தலைகுனிந்து இருந்தார்கள். அவள் அதைப் பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். தறப்பாள் கூரையின் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் சேவையர் முழங்கால்களுக்கிடையில் குடையை நட்டுப் பிடித்தபடி இருந்தார். கர்ப்பிணிகளைப் பெண் பொலிஸ்தான் சோதிக்க வேண்டும் என்ற விதிப்படி, வீதிக்கு மறுபக்கம் நின்ற பெண் பொலிஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் வந்து, "கோ அம்மா?" என்று தாயைத் தேடியிருக்கிறாள். சேவையரைக் காட்டியதும் மண்மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் குந்தியவள், மரியகொறற்றி வந்தபோதும் எழும்பவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

சேவையர் மரியகொறற்றியைக் கண்டதும் எழுந்தார். அவருடைய முகத்தில் பயத்தைவிட எரிச்சல்தான் கூட இருந்தது.

"பிள்ளை, நல்ல நேரம் வந்தீர். இவை என்னை ஏழு மாதம் எண்டுகினம். நான் கொழும்புக்கு வந்து நாலு மாதமும் ஒன்பது நாளும்தானே. பொலிஸில பதிஞ்ச துண்டும் இருக்கு. அதைச் சரியாச் சொல்லிவிடும்."

"ஐயா, நீங்கள் கொஞ்சம் இருங்கோ" என்றாள் மரியகொறற்றி.

சார்ஜன் சிரிக்கவில்லை. ஒல்லியான மனிதர், கண்ணுக்குக் கீழே கருமை. உறையைப் பிரித்து, 'ஏழு மாதக் கர்ப்பிணி' என்றிருந்த கடிதத்தை விரித்து வைத்திருந்தார். அடையாள அட்டையில் கிளிநொச்சி விலாசமுள்ள ஒருவர் இப்படியொரு கடிதத்தைக் காட்டினால் அது கள்ளக் கடிதமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. டிஸ்பென்சரியில் கேட்டால் அங்கேயும் அதையே சொல்கிறார்கள். அப்படியென்றால் டிஸ்பென்சரியும் கள்ளம்.

"மாத்தயா, பிழை மெசினில. இதுதான் டொக்டர் கையால எழுதின உண்மையான அட்டை."

சார்ஜன் அட்டையை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இது என்ன பாஷை?"

"இங்கிலீஷ்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியும். இது இங்கிலீஷ் இல்லை."

மரியகொறற்றி விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துச் சிங்களத்தில் சொன்னாள். சீனி வருத்தம், பதினொரு வருடம். வலது காலில் புண், ஆறிவிட்டது. மாதாமாதம் இரத்தம் சோதிக்க வேண்டும். சார்ஜன் அவள் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களாகவே சொல்லிக்கொண்டு போகிறீர்கள் என்று நான் நினைத்தால்?"

சார்ஜன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்தார். ஏதோ ஒரு டொக்டர் அவருக்கு எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டு. வியர்வையில் ஊறி மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. "இதை வாசியுங்கள் பார்ப்போம்."

மூன்று கிழமைக்குப் பிறகு அவளுக்கு வாசிக்கப் புதிதாக ஒன்று கிடைத்தது. தில்லைநாதனின் எழுத்தோடு பார்த்தால் இது பள்ளிப்பிள்ளையின் எழுத்து. "வயிற்றுப் புண்ணுக்குத் தந்தது. காலையும் இரவும் ஒவ்வொரு குளிசை. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னம். பதினாலு நாள்."

"முன்னமா? பார்மசிக்காரன் சாப்பிட்ட பிறகு என்றானே."

"முன்னம் என்றுதான் இருக்கு. அதுதான் மாத்தயாவுக்கு இன்னும் சுகமில்லை. கீழே இன்னொரு வரி. சிகரெட்டை நிற்பாட்ட வேண்டும். அதுக்கு இரண்டு கோடு போட்டிருக்கிறார்."

மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து பெண் பொலிஸ் மறுபடியும் சிரிக்கும் சத்தம் கேட்டது. சார்ஜன் துண்டை வாங்கிக் கவனமாக மடித்தார். பிறகு சேவையரின் அடையாள அட்டையையும் கடிதத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

"கூட்டிக்கொண்டு போங்கள். இந்தக் கடிதத்தை இனி ஒருவருக்கும் காட்ட வேண்டாம்."

ஓட்டோவில் ஏறிய பிறகுதான் சேவையர் உறைக்குள் என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டார். மரியகொறற்றி சொன்னாள். "என்ர மனிசி உயிரோட இருந்திருந்தா சிரிச்சே செத்திருப்பா" என்றார் அவர். மரியகொறற்றிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. இவருக்கு ஏழு மாதம் எங்கிருந்தோ வந்திருக்கிறது. அப்படியானால் உண்மையான ஏழு மாதக்காரிக்கு என்ன போயிருக்கும்?

அதே லொட்ஜில், ஒன்பதாம் அறையில், தியாகராணி என்று ஒரு பெண் இருந்தாள். சுவிஸிலிருக்கும் கணவனிடம் போக விசாவுக்குக் காத்திருந்தாள். தியாகராசா, தியாகராணி. ஒரே விலாசம். கடைசியில் ஓரிரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். புவாத்தின் அறிவுள்ள புரோகிராம் இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. போன கிழமை தியாகராணி வந்தபோது டொக்டர் மருந்துக் கட்டங்களில் டிக் போட மறந்திருந்தால், சேவையரின் சீனிக் குளிசை அவளுடைய துண்டில் தானாகவே ஏறியிருக்கும். அந்தத் துண்டைப் பிரிண்டரிலிருந்து எடுத்து, ஒரு வரிகூட வாசிக்காமல் நாகமணியிடம் நீட்டியது மரியகொறற்றியேதான்.

"கெதியா விடுங்கோ" என்றாள் ஓட்டோக்காரரிடம்.

லொட்ஜின் படிகளில் அவள் ஓடியதைப் பார்த்து முகாமையாளர் எழுந்து நின்றார். ஒன்பதாம் அறைக் கதவு திறந்திருந்தது. தியாகராணி கட்டிலில் கால்களை நீட்டி, உப்புத்தூள் போட்ட அன்னாசித் துண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, போன கிழமை தந்த குளிசை எங்கை?"

"எது அன்ரி, அந்த வெள்ளைக் குளிசையோ? அது சீனிக் குளிசை எல்லோ. என்ர அப்பாவும் அதைத்தான் போடுறவர், கண்ட உடனயே தெரிஞ்சுது. மாறித் தந்திட்டீங்கள் எண்டு பதினாலாம் அறை ஐயாட்டைக் குடுத்திட்டன்."

மரியகொறற்றி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்க வந்து சேர்ந்த சேவையர் பின்னால் நின்றார்.

"ஐயா, அப்ப உங்களுக்கு என்ன தந்தது?"

"சிவப்பு இரும்புச்சத்துக் குளிசை. அது இந்தப் பிள்ளையின்ர எண்டு பிறகுதான் விளங்கினது. மிச்சத்தைக் குடுத்திட்டன்."

"மிச்சத்தையோ?"

சேவையர் குடையின் பிடியைத் தடவினார். "நாலு நாள் நானும் போட்டனான். டொக்டர் தந்தால் போடத்தானே வேணும். பொய் சொல்லக்கூடாது பிள்ளை, படி ஏறேக்கை இளைப்புக் குறைவாத்தான் இருந்தது."

தியாகராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மரியகொறற்றி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். தியாகராணி எழும்ப முடியாமல் எழும்பி அவளுக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள்.

பின்னேரம் டொக்டர் வந்ததும் மரியகொறற்றி கடிதத்தை அவருக்கு முன்னால் விரித்து வைத்தாள். அவர் வாசித்தார். காது மடல் சிவந்தது.

"இதிலை இருக்கிறது என்ர சைன்தானே?"

"ஓம் டொக்டர். இந்தக் கடிதத்திலை வாசிக்கேலாத இடம் அது ஒண்டுதான்."

பத்தொன்பது வருடத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. டொக்டர் புவாத்துக்கு ரெலிபோன் எடுத்தார்.

புவாத் மறுநாள் காலை வந்து லொட்ஜின் விலாசத்தைத் தட்டிப் பார்த்தான். அந்த லொட்ஜிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மருந்தெடுத்திருந்தார்கள். கொம்பியூட்டரில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். யோகநாதன், லோகநாதன், யோகராசன், சோமநாதன் எல்லோரும் ஒரே ஆள். அந்த ஆளுக்கு ஒன்பது வயதில் பல்முரசு வீக்கம், எழுபத்துநாலு வயதில் கண்புரை, இரண்டு தடவை அப்பெண்டிக்ஸ் எடுத்திருக்கிறது. புவாத் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான்.

"மிஸ், ஒரு வெலாசத்தில ஒரு குடும்பம்தான் இருக்கும் எண்டு நினைச்சித்தான் எழுதினேன். மிஞ்சிப் போனா ரெண்டு குடும்பம். அறுவது பேர் இருப்பாங்க எண்டு நான் கனவிலயும் நினைக்கல்ல."

"அவையும்தான் நினைக்கேல்லை தம்பி" என்றாள் மரியகொறற்றி.

அடையாள அட்டை இலக்கத்தைப் பதியலாமே என்றார் டொக்டர். கடிதம் மாற்றிக்கொண்டு போக வந்திருந்த சேவையர் மறுத்துத் தலையை அசைத்தார். "லொட்ஜிலை ஒருத்தரும் குடுக்க மாட்டினம் டொக்டர். வந்த நாள் தொட்டு அந்த நம்பரை எத்தனை இடத்திலை எழுதிக் குடுத்தாச்சு. இருமலுக்கு மருந்தெடுக்கவும் எழுதிக் குடுக்கிறதெண்டால், இருமிக்கொண்டே இருப்பினம்."

அதற்கு மரியகொறற்றி ஒரு வழி சொன்னாள். டிஸ்பென்சரியே ஆளுக்கொரு இலக்கம் கொடுக்கட்டும். சின்ன மட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் பெயர் எப்படி எழுதினாலும் விலாசம் எதுவானாலும் காரியமில்லை. புவாத் தன் தலையில் தானே தட்டிக்கொண்டான். ஊகித்து ஆளைப் பிடிக்கும் வேலையைப் புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டான். டொக்டர் டிக் போடாத கட்டம் இனி வெறுமையாகவே நிற்கும். டொக்டர் இன்னொன்றும் சேர்க்கச் சொன்னார்: எந்தப் பதிவும் மரியகொறற்றி வாசித்து ஒரு பொத்தானை அமத்தாமல் உள்ளே போகக்கூடாது, மருந்துத் துண்டும் வரக்கூடாது. "நான் எழுதினாலும், மெசின் எழுதினாலும்" என்றார்.

கலந்துபோன ஆட்களைப் பிரித்தெடுக்க எட்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. மரியகொறற்றி காலைப் பூசை முடிந்து நேரே வந்துவிடுவாள். புவாத் தன் உம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சல் இரண்டோடு வருவான். படிவங்களைக் கிழித்துப் போட்டாயிற்று என்பதால் அவளுடைய ஞாபகம்தான் ஒரே சாட்சி. "இந்த இருமல் எட்டாம் அறை அம்மாவின்ரை. இந்தப் பல்லு வலி அவவின்ரை பேரன்ரை" என்று அவள் சொல்லச் சொல்ல அவன் பிரித்தான். ஐயமானதைச் சேவையர் லொட்ஜில் அறை அறையாகப் போய்க் கேட்டு, அளவைக் கொப்பி போலக் கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்தார். இடையில் தியாகராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேவையர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நிறை இரண்டு தசம் ஒன்பது கிலோ என்று அறிவித்தார்.

எட்டாவது ஞாயிறு பின்னேரம் நாற்பத்துமூன்று பேர் தனித்தனி ஆட்களாக நின்றார்கள். ஒரு பதிவு மட்டும் மிஞ்சியது. ஆண், இருபத்துநாலு வயது. காய்ச்சல், நெஞ்சுச் சளி. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. அது யார் என்று மரியகொறற்றிக்கு எவ்வளவு யோசித்தும் முகம் வரவில்லை. அந்தக் கிழமைகளில் அவள் படிவத்தை வைத்தாளே தவிர ஆட்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. சேவையர் போய்க் கேட்டுவிட்டு வந்தார். பதினேழாம் அறையில் ஒரு பெடியன் இருந்தானாம். ஒரு காலை வெளியே போனவன் திரும்பி வரவில்லை. அவனுடைய பெட்டி கீழே ஸ்ரோரில் கிடக்கிறது. முகாமையாளருக்கு அதற்கு மேல் தெரியாது, அல்லது சொல்ல விருப்பமில்லை. அவன்தானா என்றும் நிச்சயமில்லை.

புவாத் அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தான்.

"அழிச்சிடவா மிஸ்?" என்று புவாத் மெதுவாகக் கேட்டான். "ஆள் யாரெண்டு தெரியாத ரெக்கோர்ட்."

"வேண்டாம் தம்பி. பெனிசிலின் கூடாதெண்டு இருக்கு. அந்தப் பிள்ளை வந்தால் ஆர் டொக்டருக்குச் சொல்லுறது?"

புவாத் பெயர் எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டான். மரியகொறற்றி ஒரு சின்ன மட்டையை எடுத்து நாற்பத்துநாலு என்று எழுதினாள். மை காயும்வரை கையில் பிடித்திருந்துவிட்டு, பொத்தானை அமத்தினாள்.